ஆய்வகத்துக்கும் வில்லங்கம் பார்க்க வேண்டும்

அப்பா நாற்பது ஆண்டுகள் ஆதாரம் எழுதினார். குமரி மாவட்டத்தில், அதிலும் கல்குளம், விளவங்கோடு பக்கங்களில், நிலப் பத்திரத்தை நாங்கள் ஆதாரம் என்றுதான் சொல்வோம். திருவிதாங்கூர் காலத்து வழக்கு அது. 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேர்ந்த பிறகும் அந்தச் சொல் எங்கள் நாக்கை விட்டுப் போகவில்லை. மூன்று சென்ட் வாங்க வருபவரானாலும் அப்பா முதலில் கேட்பது, "முன் ஆதாரம் எங்கே?" என்றுதான். மலையாள எழுத்தில் இருக்கும் பழைய ஆதாரங்களை வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பார். நிலம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, இடையில் ஒற்றி ஏதும் உண்டா, பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போடாத பெண்மக்கள் இருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அதன் பிறகு 30 வருடத்துக்கு வில்லங்கச் சான்று. அது கைக்கு வராமல் பேனா மூடியைத் திறக்க மாட்டார்.

அப்படிப்பட்டவரின் மகளான நான், 2011 ஆகஸ்டில், என் ஆயுளில் ஏழு ஆண்டுகளை ஓர் ஆய்வகத்துக்கு எழுதிக்கொடுத்தேன். ஒரு காகிதத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் என் அக்காள் மகள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் சேர்ந்தது வெளிமாநிலத்தில் இருக்கும் ஓர் ஆய்வு நிறுவனம். ஒரு பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வாளர் பணி, மாதம் 16,000 ரூபாய். அன்றைக்கு நாடு முழுவதும் அதுதான் விகிதம். நியமன ஆணை இரண்டே பக்கம். இரண்டாம் பக்கத்தில் ஆறாவதோ ஏழாவதோ நிபந்தனையாக, இந்தப் பணி முற்றிலும் தற்காலிகமானது, திட்டத்தோடு சேர்ந்து முடிவடையும் என்று இருந்தது. படித்தேன். அரசாங்கக் காகிதங்களில் இப்படி ஒரு வரி இருப்பது வழக்கம்தானே என்று கடந்துவிட்டேன். திட்டம் எப்போது முடிகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் ஒரே நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். அது 2010 ஏப்ரலில் தொடங்கிய மூன்றாண்டுத் திட்டம். நான் போய்ச் சேர்ந்தபோதே அதில் 20 மாதங்கள்தான் மிச்சம் இருந்தன.

2013 மார்ச் கடைசி வாரத்தில் கணக்குப் பிரிவிலிருந்து அழைத்து, ஏப்ரல் முதல் உங்களுக்குச் சம்பளம் கிடையாது என்றார்கள். முனைவர் பட்டப் பதிவு மட்டும் அப்படியே இருந்தது. பதிவு வேறு, சம்பளம் வேறு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பட்டத்துக்கான கட்டணத்தைக் கட்டிக்கொண்டு எவ்வளவு காலம் வேண்டுமானாலும் உட்காரலாம், சோற்றுக்கு வழி மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த திட்டத்துக்குப் பணம் வந்தது 2014 ஜூனில். இடையில் 14 மாதங்கள்.

அந்த 14 மாதங்களில் எனக்கு நன்றாக நினைவிருப்பது ஆய்வகத்தின் உறைபெட்டி. மைனஸ் 20 டிகிரியில் நொதிகளை வைக்கும் பெட்டி அது. பணம் இருந்த காலத்தில் மேல் தட்டு முழுவதும் சின்னச் சின்னக் குப்பிகளாக நிறைந்திருக்கும். அந்த ஆண்டு ஆகஸ்டில் டி.என்.ஏ.வைப் பெருக்கும் டாக் பாலிமரேஸ் நொதியில் ஒரே ஒரு குப்பி மிஞ்சியது. நாங்கள் மூன்று பேர். குப்பியின் அடியில் எவ்வளவு இருக்கிறது என்று வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்போம். 25 மைக்ரோலிட்டரில் செய்ய வேண்டிய வினையை 10 மைக்ரோலிட்டரில் செய்தோம். பக்கத்து ஆய்வகத்தில் போய்ப் பத்து வினைக்கு மட்டும் நொதி கடன் கேட்பேன். தருவார்கள். மூன்றாம் தடவை போகும்போது அவர்கள் முகம் மாறும். வீட்டில் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. விடுமுறைக்கு வந்தபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "முன் ஆதாரம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டாயே மக்களே" என்று மட்டும் சொன்னார்.

என் நெறியாளர் நல்ல மனிதர். அந்த 14 மாதங்களில் இரண்டு முறை விண்ணப்பித்து, இரண்டு முறையும் நிராகரிக்கப்பட்டார். அதை எங்களிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். பணத்தைப் பற்றி அவரிடம் கேட்க எங்களுக்குக் கூச்சம். ஒரே அறையில் இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இன்றைக்கு யோசிக்கும்போது எனக்கு அந்தப் பணக்கஷ்டத்தைவிட இந்த மௌனம்தான் அதிகமாக வலிக்கிறது. குருவிடம் காசைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நமக்கு யாரும் தனியாகச் சொல்லித் தரவில்லை. ஆனாலும் நாம் எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டுதான் வருகிறோம்.

எங்கள் மாவட்டத்தில் படிப்புக்குக் குறைவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இருக்கும் கல்லூரிகளில் முதுகலை அறிவியல் முடித்து வருடந்தோறும் எத்தனையோ பிள்ளைகள் வெளியே வருகிறார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் பையன் ஒப்பந்தத்தில் என்ன சம்பளம் போட்டிருக்கிறது, எத்தனை வருடம், திரும்பி வர டிக்கெட் யார் தருவார்கள் என்று நாலு பேரிடம் விசாரிக்காமல் விமானம் ஏறுவதில்லை. செவிலியர் வேலைக்குப் போகும் பெண்களும் அப்படித்தான். ஏற்கெனவே போனவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆராய்ச்சிக்குப் போனவர்கள் தெருவுக்கு ஒருவர் இல்லை. அதனால் இந்தப் படிப்புக்கும் ஒரு கணக்கு வழக்கு உண்டு என்பதே நம் வீடுகளுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இனி அக்காள் மகள். குலசேகரத்தில் வீடு. அவளுடைய அப்பாவின் அப்பா இன்றும் ரப்பர் தோட்டத்தில் நாற்பது தேன்பெட்டிகள் வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்துத் தேனில் பெரும்பகுதி ரப்பர் தேன். அது பூவில் வருவதில்லை. இலை உதிர்ந்து புதுத் துளிர் வரும் ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தில், இலைக்காம்பின் நுனியில் இருக்கும் சுரப்பிகளில் தேன் ஊறும். அதைத்தான் தேனீக்கள் எடுத்து வருகின்றன. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவுக்குள் வந்தபோது அந்தத் தாத்தாவின் பெட்டிகள் ஏறக்குறைய எல்லாமே காலியாகிவிட்டன. புழுக்கள் பெட்டிக்குள்ளேயே பை போல ஊதிச் சாகும். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள், அந்த வைரஸைத்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். 2025-இல், சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய அறிவியல் ஆராய்ச்சி மன்றத்தின் நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை பெற்றுவிட்டாள்.

ஜூன் மாத மழையில் ஒரு சனிக்கிழமை அவள் மடிக்கணினியோடு வந்தாள். பெங்களூருவில் ஓர் ஆய்வகம், ஜெர்மனியில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று. மூன்று பேராசிரியர்களும் மின்னஞ்சலுக்கு நல்லபடியாகப் பதில் எழுதியிருந்தார்கள். அவர்களின் ஆய்வகத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எப்போது முடிகிறது என்று நான் கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் சின்ன அதிர்ச்சி இருந்தது.

"எனக்குத்தான் சொந்தமாக உதவித்தொகை இருக்கிறதே சித்தி. ஆய்வகத்தின் பணத்தை நான் எதற்குப் பார்க்க வேண்டும்?"

நெட் தேர்வில் வென்ற பிள்ளைகள் எல்லோரும் கேட்கும் கேள்விதான் இது. அவளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எஸ்.ஆர்.எஃப்., அதாவது முதுநிலை ஆய்வாளர் ஆனால் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. இது உன் சாப்பாட்டுக்கும் இருப்பிடத்துக்கும். உன் ஆராய்ச்சிக்கு என்று சி.எஸ்.ஐ.ஆர். தருவது ஆண்டுக்கு 20,000 ரூபாய் சில்லறைச் செலவுத் தொகை மட்டுமே. வைரஸ் ஆராய்ச்சியில் ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கும் ஒரு கிட்டும் இரண்டு நொதிகளும் வாங்கினால் அந்தப் பணம் தீர்ந்துபோகும். மரபணு வரிசையைப் படிப்பது, களத்துக்குப் போய் மாதிரி எடுப்பது, பழுதான கருவியைச் சரிசெய்வது என்று மீதி எல்லாமே நெறியாளரின் திட்டப் பணத்தில்தான் நடக்க வேண்டும். அவரிடம் திட்டம் இல்லையென்றால், உனக்கு மாதாமாதம் சம்பளம் வந்துகொண்டிருக்கும், செய்வதற்கு வேலை இருக்காது. ஐந்தாண்டுக் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதலில் பெங்களூரு ஆய்வகம். நம் நாட்டில் இந்தத் தகவல்கள் ஒரே இடத்தில் அடுக்கிவைத்தாற்போலக் கிடைப்பதில்லை. சிதறிக் கிடக்கும், நாம்தான் பொறுக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் ஆண்டறிக்கை வெளியிடுகின்றன. முந்நூறு பக்கம் இருக்கும். முன்பக்கத்துப் படங்களையும் முன்னுரைகளையும் தள்ளிவிட்டுப் பின்னால் போனால், வெளி நிதி பெறும் திட்டங்கள் என்று ஓர் அட்டவணை வரும். திட்டத்தின் தலைப்பு, முதன்மை ஆய்வாளர், பணம் தரும் அமைப்பு, தொகை, தொடக்கமும் முடிவும். எங்கள் ஐந்து வருடத் தலையெழுத்து அந்த ஒரு வரியில் இருக்கிறது. மூன்று நான்கு ஆண்டு அறிக்கைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் அந்தப் பேராசிரியருக்கு ஒரு திட்டம் முடியுமுன் அடுத்தது வருகிறதா, இடையில் பள்ளம் விழுகிறதா என்பது தெரிந்துவிடும்.

அடுத்தது, அவர்களுடைய சமீபத்திய கட்டுரைகளின் கடைசியில் வரும் நன்றியுரை. எல்லோரும் தாண்டிப் போகும் பகுதி. அங்கே நிதி தந்த அமைப்பின் பெயரும், அவர்கள் தந்த நல்கையின் (கிராண்ட்) எண்ணும் இருக்கும். ஆராய்ச்சிக்கு மத்திய அரசின் பணத்தைப் பகிர்ந்த செர்ப் அமைப்பு கொடுத்த எண்களில் ஆண்டு உள்ளேயே இருக்கும். சி.ஆர்.ஜி. என்ற எழுத்துகளுக்குப் பிறகு 2021 என்று இருந்தால் அது அந்த ஆண்டின் விண்ணப்பம், வழக்கமாக மூன்று ஆண்டுத் திட்டம். எஸ்.ஆர்.ஜி. என்றிருந்தால் புதிதாக வேலையில் சேர்ந்த ஆசிரியருக்கான தொடக்க நல்கை, இரண்டு ஆண்டுகளுக்கு அதிகபட்சம் 30 லட்சம். 2023-இல் நிறைவேறிய சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வந்து, செர்ப் அதற்குள் அடங்கிவிட்டது. பழைய பெயரைத் தேடிக் காணவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

மூன்றாவதாக ஆள்சேர்ப்பு விளம்பரங்களைப் பார்க்கச் சொன்னேன். திட்டப் பணிக்கு ஆள் வேண்டும் என்று நிறுவனத்தின் இணையதளத்தில் போடும் ஒரு பக்க அறிவிப்புகள். திட்டத்தின் பெயர், யார் பணம், எதுவரை என்று அதில் வழக்கமாக இருக்கும். பழைய விளம்பரங்களையும் நிறையப் பேர் நீக்காமல் விட்டுவைத்திருப்பார்கள். 2011-இல் நான் விண்ணப்பித்ததும் இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்த்துத்தான். சம்பள வரியைப் படித்துவிட்டு, அதற்குக் கீழே இருந்த கால வரியை விட்டுவிட்டேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. மத்திய நிறுவனத்துக்குப் பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். அரசுப் பணத்தில் நடக்கும் திட்டத்தைப் பற்றிக் கேட்க இந்தியக் குடிமக்கள் எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் நாளைக்கு நெறியாளராக வரப்போகிறவரைப் பற்றி முதல் வேலையாக மனுப் போடுவதை நான் விரும்ப மாட்டேன். நேரில் கேட்டால் சொல்லிவிடக்கூடிய விஷயத்துக்கு அது தேவையில்லை.

பெங்களூரு பேராசிரியருக்கு இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்று 2026 மார்ச்சில் முடிகிறது, மற்றொன்று 2027 மார்ச்சில். தேதிகளைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. தலைப்பைப் படித்துப் பார் என்றேன். முதலாவது தேனீயின் குடலில் வாழும் பாக்டீரியா பற்றியது. இரண்டாவதுதான் வைரஸ். பணத்தின் தேதியைப் போலவே அதன் தலைப்பும் முக்கியம். குடல் பாக்டீரியாவுக்கு என்று ஒப்புதலான பணத்தில் வைரஸ் ஆராய்ச்சி செய்ய முடியாது, பயன்பாட்டுச் சான்றிதழில் கணக்குக் காட்ட வேண்டும். எத்தனையோ பேர் ஒரு ஆசையோடு உள்ளே போய் வேறொரு தலைப்பில் ஆய்வேடு எழுதி வெளியே வந்திருக்கிறார்கள். அவர்களில் பலரை அப்படித் திருப்பியது உயிரோடு இருந்த ஏதோ ஒரு நல்கையின் தலைப்புத்தான்.

பயன்பாட்டுச் சான்றிதழ் என்று சொன்னேன். இதை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் ஊர் ஆய்வகங்களின் பாதித் துயரம் இங்கேதான் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு 40 லட்சம் ஒப்புதல் என்றால் 40 லட்சமும் முதல் நாளே வந்துவிடாது. ஆண்டுத் தவணையாக வரும். போன தவணைக்குச் செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் நிறுவனத்தின் நிதி அதிகாரி கையெழுத்தோடு போய்ச் சேர்ந்து, அங்கே சரிபார்த்த பிறகுதான் அடுத்தது. கணக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது. பணம் பிப்ரவரியில் வந்து, மார்ச்சுக்குள் செலவழிக்க வேண்டும் என்று ஓடிய நாட்கள் எனக்குத் தெரியும். ஜூனில் வர வேண்டியது நவம்பரில் வந்த வருடமும் தெரியும். நாடு ஆராய்ச்சிக்காகச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம் என்பது 2020-21-க்கான அரசுக் கணக்கு. அவ்வளவு மெல்லிய ஓடையில் ஓரிடத்தில் மண் சரிந்தாலும் கீழே இருப்பவனுக்குத் தண்ணீர் வராது. ஆகவே அட்டவணையில் 2027 என்று இருப்பதால் 2027 வரை மாதாமாதம் பணம் வரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை ஆய்வகத்தில் இருக்கும் மாணவர்களிடம்தான் கேட்க வேண்டும். போன மாத உதவித்தொகை எந்தத் தேதியில் வந்தது? கடைசியாக வாங்கிய நொதி, கேட்ட நாளிலிருந்து எத்தனை வாரத்தில் வந்தது? உங்களுக்கு முன்னால் படித்தவர் எத்தனை ஆண்டில் முடித்தார், கடைசி ஆண்டில் அவருக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் எதிரில் இருப்பவர் கொஞ்சம் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் கதையே வேறு. அங்கே அரசுப் பணம் எல்லாம் திறந்து கிடக்கிறது. மருத்துவ, உயிரியல் ஆய்வுக்குப் பணம் தரும் அரசு அமைப்பான என்.ஐ.ஹெச்.-இன் ரிப்போர்ட்டர் தளம், அடிப்படை அறிவியலுக்குப் பணம் தரும் என்.எஸ்.எஃப்.-இன் நல்கைத் தேடல், எல்லாத் துறைக்கும் சேர்த்து யூ.எஸ்.ஏ. ஸ்பெண்டிங் தளம். பேராசிரியரின் பெயரைத் தட்டினால் போதும், குலசேகரத்தில் இருந்துகொண்டே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அவள் தேடிய பேராசிரியருக்கு என்.ஐ.ஹெச்.-இல் ஒரு நல்கை இருந்தது. முடிவுத் தேதி அடுத்த ஏப்ரல் என்று பார்த்துவிட்டு, "இது போச்சு சித்தி" என்றாள். அவள் பார்த்தது வரவு செலவு ஆண்டின் முடிவு. திட்டத்தின் முடிவு அதற்குப் பக்கத்திலேயே தனியாக இருந்தது, இன்னும் மூன்று ஆண்டுகள் தள்ளி. இந்த இரண்டு தேதியையும் குழப்பிக்கொண்டு நல்ல ஆய்வகத்தைக் கைவிட்டவர்கள் உண்டு. நல்கை எண்ணின் முதல் இலக்கமும் பேசும். 1 என்றால் புதியது, 2 என்றால் போட்டியிட்டுப் புதுப்பித்தது, 5 என்றால் ஏற்கெனவே கிடைத்ததன் அடுத்த ஆண்டு. 2 என்று ஒருமுறை வந்திருந்தால் அந்த ஆய்வகத்தின் வேலையை அந்தத் துறையின் மற்றவர்கள் மதித்து இரண்டாம் முறையும் பணம் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள்.

தொகையைப் பார்த்து மயங்கவும் கூடாது. அதில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மறைமுகச் செலவும் சேர்ந்திருக்கும். மீதியில் மாணவரின் சம்பளம் மட்டுமல்ல, கல்விக் கட்டணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் வரும். பத்துப் பேர் இருக்கும் ஆய்வகத்துக்கு ஒரே நல்கை என்றால், பாதிப் பேர் வகுப்பு எடுத்துத்தான் சம்பாதிக்க வேண்டியிருக்கும். அதில் தவறில்லை, ஆனால் முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நிறுத்தினேன். 2025-இல் அங்கே ஆயிரக்கணக்கான நல்கைகளைக் காலத்துக்கு முன்பே ரத்து செய்திருக்கிறார்கள். மறைமுகச் செலவுக்கு 15 சதவீதம்தான் தருவோம் என்று என்.ஐ.ஹெச். பிப்ரவரியில் அறிவித்து, நீதிமன்றம் அதைத் தடுத்தது. ரத்தானவற்றில் சிலவற்றை நீதிமன்றங்கள் திருப்பிக் கொடுக்கச் சொன்னதும் உண்டு. எழுதிய தேதிவரை பணம் வரும் என்று இத்தனை ஆண்டுகளாக அங்கே இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது. அதனால் அங்கே போகிறவர்கள் இப்போது பேராசிரியரின் நல்கையோடு நிற்காமல், நல்கை நின்றுபோனால் துறை என்ன செய்யும், எத்தனை ஆண்டுக்கு எழுத்தில் உறுதி தருகிறார்கள் என்று சேர்க்கைக் கடிதத்தில் தேட வேண்டும். கடிதத்தில் இல்லாவிட்டால் கேட்டு எழுதி வாங்க வேண்டும்.

ஜெர்மனிக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்நாட்டு ஆராய்ச்சி அமைப்பான டி.எஃப்.ஜி. கொடுத்த திட்டங்களை கெப்ரிஸ் என்ற தளத்தில் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தை கார்டிஸ் தளத்தில் பார்க்கலாம். அங்கே முனைவர் பட்ட மாணவர் பெரும்பாலும் ஒப்பந்தப் பணியாளர். உயிரியலில் முழுச் சம்பளத்தில் 65 சதவீதம் என்பது பரவலான வழக்கம். ஒப்பந்தத்திலேயே முடிவுத் தேதி இருக்கும், பெரும்பாலும் மூன்று ஆண்டு. மூன்று ஆண்டில் ஆய்வை முடிக்காதவர்களுக்கு அந்த ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்ற ஒரு கேள்வியை மட்டும் குறித்துக்கொண்டோம்.

மழை விட்டபோது தாத்தா தோட்டத்துக்குக் கிளம்பினார். நாங்களும் கூடப் போனோம். ஜூன் தொடங்கி ஆண்டுக் கடைசிவரை எங்கள் பக்கத்துத் தேனீக்களுக்குப் பஞ்சகாலம். ரப்பரில் துளிர் இல்லை, வெளியே போனால் மழை. சர்க்கரைப் பாகு காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி, மேலே இரண்டு ஈர்க்குச்சியைப் போட்டு ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைத்தார். குச்சி இல்லாவிட்டால் தேனீ பாகில் விழுந்து சாகும். ஒரு பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். அதில் கூட்டம் குறைந்திருந்தது. "இந்தக் கூட்டம் ஜனவரி வரை தாங்கினால் பிழைத்துக்கொள்ளும்" என்றார். அக்காள் மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நல்கைக்கும் நல்கைக்கும் இடையில் நிறுவனமே கொஞ்சம் பணம் கொடுத்து ஆய்வகத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு சில இடங்களில் உண்டு என்று அன்று காலைதான் சொல்லியிருந்தேன். "இதுதானே சித்தி அது?" என்றாள். இதுவேதான்.

திட்டம் எதுவும் கையில் இல்லாத பேராசிரியர் என்றால் ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆய்வகங்களுக்கும் பஞ்சகாலம் வரும். புதிதாகச் சேர்ந்த ஆசிரியரிடம் முதல் மாணவராகச் சேர்ந்து, அவருடைய தொடக்க நல்கையில் பிரமாதமாக வேலை செய்தவர்களை எனக்குத் தெரியும். காகிதமும் கணினியும் போதும் என்கிற கணிதத் துறைக்கு இந்தக் கவலை பாதிதான். கோடிக்கணக்கில் பணம் இருந்தும், எட்டு ஆண்டாக மாணவர்களை வெளியே அனுப்பாத ஆய்வகங்களும் இருக்கின்றன. பணம் வற்றும் காலத்தில் சிரட்டையில் பாகு வைக்க அந்தப் பேராசிரியருக்கும் அந்த நிறுவனத்துக்கும் மனமும் வழியும் உண்டா என்பதைத்தான் நான் தேடுவேன்.

நம் மாவட்டத்திலேயே உதவித்தொகை எதுவும் இல்லாமல், கட்டணத்தைத் தன் கையிலிருந்து கட்டி முனைவர் பட்டம் செய்யும் பெண்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலையில் ஏதோ ஒரு சுயநிதிப் பிரிவில் வகுப்பு, மாலையில் ஆய்வு, வீட்டில் பிள்ளைகள். நெறியாளரிடம் ஒரு ரூபாய் திட்டப் பணம் கிடையாது. வேதிப்பொருளைக்கூட இவர்களே வாங்குகிறார்கள். எத்தனை ஆண்டு ஆகும், எவ்வளவு செலவாகும் என்று சேரும்போது யாராவது அவர்களிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் சிலர் வேறு முடிவு எடுத்திருப்பார்கள். சிலர் தெரிந்தே இதையே எடுத்திருப்பார்கள். தெரிந்து எடுக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது, அதைக் கொடுக்கவில்லை என்பதுதான் என் ஆற்றாமை.

அன்று இரவு பெங்களூரு பேராசிரியருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தோம். அவள் முதலில் எழுதியதில் மன்னிப்பு மூன்று இடத்தில் இருந்தது. தப்பாக நினைக்க வேண்டாம், சிரமத்துக்கு மன்னிக்கவும், கேட்கக் கூடாது என்று தெரியும். மூன்றையும் எடுக்கச் சொன்னேன். மிஞ்சியது எட்டு வரிக் கடிதம். உங்கள் ஆண்டறிக்கையில் வைரஸ் திட்டம் 2027 மார்ச் வரை என்று பார்த்தேன். நான் சேர்ந்தால் என் ஆய்வு அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் நடக்கும். அந்தக் காலத்துக்கு என்ன யோசித்திருக்கிறீர்கள்? என் ஜே.ஆர்.எஃப். தவணை தாமதமானால் நிறுவனம் இடைக்கால உதவி தருமா? இப்போதுள்ள மாணவர்கள் இருவரோடு நான் பேசலாமா? அனுப்பு பொத்தானை அழுத்தும்போது அவள் விரல் தயங்கியதைப் பார்த்தேன்.

நான்காம் நாள் பதில் வந்தது. ஆண்டறிக்கையைப் படித்துவிட்டு எழுதிய முதல் மாணவி நீதான் என்று தொடங்கியிருந்தார். புதிய திட்டத்துக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார். கிடைக்காவிட்டால் களப்பணியைக் குறைத்து, சேர்த்துவைத்த மாதிரிகளைக் கொண்டு ஆய்வேட்டை முடிக்கும்படி திட்டமிடுவோம் என்றார். 2022-இல் தம் ஆய்வகத்தில் ஐந்து மாதம் பணம் வராமல் இருந்ததையும் அவரே சொன்னார். அந்தக் காலத்தில் அங்கே இருந்த மாணவியிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு அவருடைய எண்ணை அனுப்பியிருந்தார், நான் இல்லாத இடத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்ற குறிப்போடு.

அந்த மாணவியோடு நாற்பது நிமிடம் பேசினாள். நல்லதும் கெட்டதும் கேட்டாள். ஐந்து மாதமும் நிறுவனம் பாதித் தொகை கொடுத்ததாம். உறைபெட்டியில் என்ன இருந்தது என்றும் கேட்கச் சொல்லியிருந்தேன். நாங்கள் கடன் வாங்கினோம், ஆனால் சார்தான் போய்க் கேட்டார், எங்களை அனுப்பவில்லை என்றாராம்.

பதிலின் நகலை அப்பா கேட்டார். அச்செடுத்துக் கொடுத்தோம். வயது எண்பதாகிறது, கண்ணாடியை மூக்கின் நுனியில் இறக்கி, விரல் வைத்து வரிக்கு வரி பேத்தியைப் படித்துச் சொல்லச் சொன்னார். 2027 மார்ச் என்ற இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டார். பிறகு, "அவர் மறைக்கவில்லை" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து அவளிடம் கொடுத்தார்.

அடுத்த மாதம் கிளம்புகிறாள். நாகர்கோவில் – பெங்களூரு ரயிலில் டிக்கெட் எடுத்தாயிற்று. தாத்தா இரண்டு போத்தல் ரப்பர் தேன் எடுத்துவைத்திருக்கிறார், ஒன்று அவளுக்கு, ஒன்று அந்த மாணவிக்கு.